புதன்கிழமைத் தண்ணீர்

எட்டுத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற அந்த மனிதரை எட்டுத் தெருவிலும் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியின் காலடியில் இருக்கிற மோட்டார் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பிறகு வீட்டுக்குள்ளும் நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்ததா, அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆள் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள். நாலரைக்கு மோட்டார் அறையைத் திறக்க வேண்டுமென்றால் நாலரைதான், ஒரு நாளும் ஐந்து நிமிஷம் தள்ளிப் போனது கிடையாது. யாரிடமும் கை நீட்டியதில்லை. எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் குனிந்து பார்ப்பார். கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு அவருடைய அக்காவின் வாய்தான் காரணம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். பெண் வீட்டார் வந்தால், டம்ளரில் காபி ஆறுவதற்குள் அக்கா அவர்கள் குடும்பத்தில் நாலு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லியும் முடித்திருப்பாள். அவளும் புருஷனோடு மூன்றே மாதம் குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பி வந்தவள்தான். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு நடை. அந்த மாடி வீட்டுக்குள் இரண்டு பேரும் முப்பது வருஷத்தை ஓட்டியிருந்தார்கள்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "மோட்டார் போடறது" என்பார். அது பாதி வேலை. மீதிப் பாதி மருந்து போடுவது. பிளீச்சிங் பவுடரை நீல டிரம்மில் கொட்டிக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்து நிற்பதை மூன்று வாளி அளந்து தொட்டித் தண்ணீரில் சேர்க்க வேண்டும். அப்புறம் குழாய்த் தண்ணீரை விரல் பருமன் கண்ணாடிக் குழலில் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் இளமஞ்சளாகத் திரும்பும். மஞ்சள் தெரிந்தால் மருந்து கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வழியில் குழாய் எங்காவது கசிந்து சாக்கடை கலந்தாலும் அதை அடித்துப் போட மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அதற்குத்தான் அவர் இருந்தார்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் குடிநீர் ஆபீசில் இருந்த இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. லாரியில் கட்டில் பீரோ எல்லாம் ஏறின, மீன் தொட்டி மட்டும் ஏறவில்லை. ஆறு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், வீடு அமைந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. தொட்டிக்குள் ஆறு தங்கமீன்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் பிள்ளைகள் வளர்க்கிற சாதாரண ரகம் கிடையாது. மனுஷன் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்து, வேண்டுமென்றே குண்டாக்கிக் கோணலாக்கி வைத்த ரகம். உடம்பு எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டை, வால் மட்டும் ஒரு முழத் துணி. வேகமாக நீந்தத் தெரியாது, ஒளியத் தெரியாது, கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் வயிறு உப்பித் தலைகீழாக மிதக்கும். அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் நம் சொந்தக்காரர்கள் அல்லவா என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, பெயரும் வைத்துவிட்டாள். தலையில் சிவப்புச் சதை முளைத்து மெத்தென்று உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை. கண் இரண்டும் வெளியே பிதுங்கி நின்ற கறுப்பு மீன் சின்ன அத்தை. வாலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனவள் சம்பந்தியம்மா. தின்பதைத் தவிர வேறெதிலும் ஈடுபாடு இல்லாத குண்டு மீன் பெரியப்பா. மற்ற இரண்டுக்கும் பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவை செத்துப்போயின. தண்ணீர் கலங்கியிருக்கிறதே என்று தொட்டிக்காரர் பாதியை இறைத்துவிட்டு, குழாயில் ரப்பர் டியூபை மாட்டி நேரே உள்ளே விட்டார். அரை மணி நேரத்தில் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்தன. துடுப்பில் ரத்தக் கோடு ஓடியது. சாயங்காலத்துக்குள் இரண்டு போய்விட்டன. மீன் கடைக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கிறது, அது மீனின் செவுளை அரித்துவிடும், இது உங்களுக்கே தெரியாதா என்றார். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் பூராவும் வைத்திருந்து ஊற்றினால் மருந்தின் வேகம் போய்விடும், இல்லையென்றால் இந்தப் பாட்டிலில் இருந்து சொட்டுக் கணக்கில் விட்டால் போதும் என்று ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தொட்டிக்காரர் அதை வாங்கவில்லை. "நான் போடற மருந்த எடுக்கறதுக்கு நானே இன்னொரு மருந்து வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அந்தப் பாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும். வாங்கித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் நேர்மையான ஆட்களுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் எங்கிருந்தோ வீம்பு வந்து ஒட்டிக்கொள்ளும்.

மிச்சமிருந்த நாலையும் அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். குறுணித் தீனியை அப்படியே போட்டால் வயிற்றுக்குள் போய் ஊதும் என்று முதலில் நனைத்துப் போட்டார். பெரியப்பாவுக்கு மலச்சிக்கல் வந்தபோது, பட்டாணியை வேக வைத்துத் தோலை உரித்து நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். அக்கா வாசல்படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "மீனுக்குப் பட்டாணி உரிக்கற கை என்னிக்காவது எனக்கு ஒரு வெங்காயம் உரிச்சிருக்கா?" என்று கேட்டாள். சின்ன அத்தையின் கண்ணில் இடித்துவிடக் கூடாது என்று கூர்மையான கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மணல் போட்டார். மாப்பிள்ளையின் தலைச்சதை கண்ணை மறைக்க ஆரம்பித்ததும், தீனி எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமே என்று விரலால் கண்ணாடியைத் தட்டிப் பழக்கினார். வடிகட்டிப் பஞ்சில் நல்ல கிருமிகள் குடியிருக்கும், அவைதான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும், ஆகவே பஞ்சை மருந்துத் தண்ணீரில் அலசவே கூடாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அவர் அசந்துபோனார். கிருமி என்றால் கொல்ல வேண்டியது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்தான் பாடாய்ப் படுத்தியது. வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு எட்டு வாளித் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் எட்டு வாளி வைக்க நடையைத் தவிர இடமில்லை. இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் அக்கா துணி உலர்த்தப் போகிறபோது வாளி தடுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டோடு கையைத் தூக்கிக் காட்டி, "இனிமே இந்த நடையில வாளி நின்னா நான் நிக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், புருஷனிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வாரப் புதன்கிழமை காலையில் தொட்டிக்காரர் மூன்று வாளி மருந்துக்குப் பதிலாக ஒன்றுகூடச் சேர்க்காமல் வால்வைத் திறந்தார். திறந்துவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்து, குழாயில் டியூபை மாட்டி மீன் தொட்டியில் நேரே விட்டார். மாப்பிள்ளை துள்ளினார். பெரியப்பா வழக்கம்போல எதையோ தின்றுகொண்டிருந்தார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் போய்ப் பதிவேட்டில் மூன்று வாளி என்று எழுதினார். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. வாரத்தில் ஒரு நாள்தானே, மற்ற ஆறு நாளும் போடுகிறோமே என்று மனசு உடனே ஒரு சமாதானத்தைக் கையில் கொடுத்துவிட்டது.

அப்படியே மூன்று வருஷம் போனது. தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுமட்டுமா, புதன்கிழமைத் தண்ணீரில் வாடையே இல்லை, இன்றைக்குச் சாதம்கூட வெள்ளையாக வந்திருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மீன்கள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன. பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பெரியவர்கள் வந்தார்கள். பாவம், தொட்டால் சாகிற ஜாதி இது, இந்தத் தெருத் தண்ணீரில் எப்படிக் கொழுத்திருக்கிறது பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். மற்ற தெருக்காரர்கள் கேன் தண்ணீர் வாங்கினபோது இந்தத் தெருவில் ஒருவரும் வாங்கவில்லை. மீனைப் பார்த்தே தண்ணீரை நம்பினார்கள். அப்படிப் பாராட்டும்போது தொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கீழ்வீட்டில் இஸ்திரிக் கடை. இஸ்திரிக்காரர் பெண்டாட்டியை இழந்தவர், ஒரே மகன் தூரத்தில் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவன். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். இருபத்திரண்டு வயது, பேச்சு நிற்காது, அக்காவின் வாய்க்கே ஈடு கொடுத்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். பிள்ளை உண்டான பிறகு சாயங்காலமானால் வீங்கின காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் படியேறி வந்து மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். பெரியப்பாவும் அவளும் ஒரே மாதிரி நடப்பதாக அக்கா கேலி செய்தால், "எனக்காவது ரெண்டு மாசத்துல இறங்கிடும் அத்தை, பாவம் அவருக்கு?" என்பாள். வரும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். தொட்டிக்காரரை மாமா என்று கூப்பிட்டாள். அவரை அப்படிக் கூப்பிட அந்த வயதில் வேறு யாரும் கிடையாது.

அந்த வருஷம் மழை ஓயவில்லை. எங்கோ சாக்கடை ஓரத்தில் குழாய் வெடித்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் பேக்கரிக்காரருக்குக் கண் மஞ்சளானது. பிறகு தையல்காரர் வீட்டில் இரண்டு பேர். பத்து நாளில் பதினேழு பேர் படுத்தார்கள். சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வீடு வீடாக ஏறி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். மோட்டார் அறைக்கும் டாக்டர் ஒருவர் வந்தார். இப்போது படுக்கிறவர்கள் போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ குடித்த தண்ணீருக்குப் படுக்கிறார்கள், இந்த நோய் அவ்வளவு நாள் உள்ளே உட்கார்ந்துதான் வெளியே வரும் என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். எல்லா நாளும் மூன்று வாளி. சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். போன மாதத்தில் எத்தனை புதன்கிழமை, அதற்கு முந்தின மாதத்தில் எத்தனை என்று தொட்டிக்காரரின் மனசு தானாக எண்ணியது.

அன்றிலிருந்து ஏழு நாளும் மருந்து போட்டார். மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினார். அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடப் பார்த்தார்.

தெருவோ கொதிக்க வைக்கவில்லை. சுகாதாரத் துறைப் பெண் கீழே நின்று மன்றாடிக்கொண்டிருந்ததை அவர் மாடிப்படியிலிருந்து கேட்டார். யாரோ அவளிடம், மேலே போய் மீனைப் பாரும்மா, அதற்கே ஒன்றும் ஆகாத தண்ணீர் எங்களை என்ன செய்யும் என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். இறங்கிப் போய்ச் சொல்ல எட்டுப் படி. அவர் இறங்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. இருபத்தாறு வருஷமாகக் கட்டி வைத்த நல்ல பெயர் இருந்தது. சொன்னால் ஜெயிலா, அடியா, அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது, எல்லாம் சேர்ந்து காலைக் கட்டிவிட்டன.

அன்று சாயங்காலம் மருமகள் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தார். "கொதிக்க வச்சே குடிம்மா."

"உங்க மீனுக்குக் கொதிக்க வச்சா ஊத்தறீங்க மாமா?" என்று அவள் சிரித்தாள். அவள் நியாயமாகத்தான் கேட்டாள். அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான். அவர் மீன் தீனி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடி வைத்தார். அக்காதான், "சொன்னாக் கேளு, வயித்துல பிள்ளை இருக்கு" என்று அதட்டி, அன்றைக்கு ஒரு பாத்திரம் தண்ணீரைத் தானே காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். ஆனால் டாக்டர் சொன்ன கணக்கு அவருக்குத் தெரியும். குடிக்க வேண்டியதை அவள் முன்னமே குடித்து முடித்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் படியேறி வரவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா கீழே போய்ப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்று வந்து சொன்னாள். ஆட்டோவில் ஏற்றும்போது தொட்டிக்காரரும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் இஸ்திரிக்காரரோடு நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடுகிற நோய்தான், ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் ஈரலைச் சாப்பிட்டுவிடும் என்று நர்ஸ் சொன்னாள். மகன் லாரியை வழியில் நிறுத்திவிட்டுப் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை போனது. சனிக்கிழமை காலையில் அவளும் போய்விட்டாள். நாலு நாளும் இஸ்திரிக்காரர் தொட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவன்கூட இப்படி வந்து நிற்க மாட்டான் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னார். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆபீசில் இருந்து உத்தரவு வந்தது: மருந்து ஆறு வாளி. குழாயைத் திறந்தாலே மூக்கை அடித்தது. மீன் தொட்டியில் ஐந்து வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை. பச்சையாக வாடை எடுத்தது, சம்பந்தியம்மா ஒரு மூலையில் சரிந்து கிடந்தாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றரை வருஷத்தில் ஒரு நாளும் அந்தத் தொட்டியில் கை வைக்காதவள், மீனாவது தெளிந்து நீந்தினால் தம்பி முகம் தெளியும் என்று நினைத்தாள். புதன்கிழமைத் தண்ணீர் நேரே விடலாம் என்று அவளுக்குத் தெரியும், எத்தனையோ புதன்கிழமை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஏன் விடலாம் என்று அவர் சொன்னதில்லை. அந்தப் புதன்கிழமை அவர் வால்வைத் திறந்துவிட்டு மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவள் ஒடிந்து சேர்ந்த கையாலேயே பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, டியூபை மாட்டிக் குழாயைத் திறந்தாள். ஒன்பது மணிக்குள் நாலும் செத்து மிதந்தன. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் படி இறங்கி முடிப்பதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது.

பத்தரைக்கு மோட்டார் அறை வாசலில் அறுபது பேர் நின்றார்கள். முன்னால் இஸ்திரிக்காரர். கையில் அலுமினியப் பேசின், அதற்குள் நாலு மீன். மாப்பிள்ளையின் தலைச் சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. தொட்டிக்காரர் எழுந்து வெளியே வந்தார். பேசினைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்கா மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. மீனுக்காக அழுகை வரும் என்று பார்த்தார், அதுவும் வரவில்லை.

"உங்க மேல கோபமில்ல அண்ணே," என்றார் இஸ்திரிக்காரர். "மேலேருந்து போடச் சொல்றாங்க, போடறீங்க. ஆனா பாருங்க. மூணு வருஷம் கொழுகொழுன்னு இருந்த மீன், இந்த மருந்துல ஒரு மணி நேரம் தாங்கல. மீனைக் கொல்ற தண்ணி மனுஷனை விடுமா? என் வீட்டுப் பொண்ணு எதுல போனான்னு இப்பத்தான் புரியுது."

மருந்தை நிறுத்தும்வரை வால்வைத் திறக்க விடமாட்டோம் என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னார். மர டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற பழைய கிணற்றில் காலையிலிருந்தே இறைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதில் மருந்து வாடையே இல்லை, குழந்தைகளுக்குக்கூட அதைத்தான் கொடுக்கிறோம் என்றாள் ஒரு பெண். அந்தக் கிணறு தொட்டிக்காரருக்குத் தெரியும். சாக்கடைக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இடைவெளி கிடையாது. கூட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு மூன்று பேர் நின்றார்கள். தையல்காரரின் இரண்டாவது மகளுக்கு இது ஆறாவது மாதம், அவளும் வந்து நின்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். அவரைத் தப்பவிட ஊரே திரண்டு வந்து நின்றது. குற்றத்தை மருந்தின் மேல் போட்டாயிற்று, மேலதிகாரி மேல் போட்டாயிற்று, அவர் கையைக் கழுவிவிட்டு வால்வைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆறு மாதமான அந்த வயிற்றைப் பார்த்தபிறகு அது முடியவில்லை. படியில் இறங்காமல் நின்ற அன்றைக்கு முடிந்தது, இன்றைக்கு முடியவில்லை.

"கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க," என்றார். குரல் எழும்பவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "எடுத்து வச்சிருந்தாக் கீழ ஊத்திடுங்க. இந்தத் தண்ணியத்தான் குடிக்கணும். மருந்து இருந்தா மீன் சாகும். நமக்கு ஒண்ணும் பண்ணாது, நோய்க் கிருமியத்தான் கொல்லும். தண்ணிய நேரா விட்டு மீன் சாகுதுன்னா, அந்தத் தண்ணியில மருந்து இருக்குன்னு அர்த்தம்."

கூட்டம் முணுமுணுத்தது. நம்புவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் அசையவில்லை. படிக்காத மனுஷன், ஆனால் சட்டையில் ஒரு மடிப்பு தப்பினால் கண்டுபிடித்துவிடுகிற கண். பேசினைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளா உங்க மீன் எப்படிச் சாகாம இருந்துது?"

தொட்டிக்காரர் பதில் சொன்னார். "புதன்கிழமை நான் மருந்து போடல."

"எந்தப் புதன்கிழமை?"

"எல்லாப் புதன்கிழமையும். மீனுக்குத் தண்ணி மாத்தறதுக்காக."

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிச் சொன்னார்கள். சொல்லச் சொல்லச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. அடி விழும் என்று தொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. மறுபடி திறந்தபோது இஸ்திரிக்காரர் அதே இடத்தில், அதே பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தையல்காரரின் மகள் அழ ஆரம்பித்திருந்தாள், அவளை யாரோ கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"மூணு."

"அவ இங்க வந்தே ஒரு வருஷம்தான் ஆச்சு," என்றார் இஸ்திரிக்காரர். பேசினைக் குனிந்து தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் தொட்டிக்காரரைப் பார்க்கவில்லை. "வந்த அன்னிக்கு குடிக்கத் தண்ணி கேட்டா. நான்தான் மொண்டு குடுத்தேன். இந்தத் தெருவுல தண்ணி நல்லா இருக்கும், பயப்படாம குடிம்மான்னு நான்தான் சொன்னேன்."